விசிறி இல்லாத சேர்வர்

யேசு மரி சூசை துணை

வோபர்ன், ரொறன்ரோ
ஆடி 28

என் அன்பின் செரீனா அப்பாவுக்கு,

இனி உங்களுக்கு இப்படி எழுதலாமா என்று பேனையைப் பிடித்துக்கொண்டு கனநேரம் இருந்தேன். பிள்ளை பிறந்த நாளில் இருந்து வாயில் பழகின பெயர், பிள்ளை போய்விட்டாள் என்பதற்காக மாற்ற வரவில்லை. நீங்களும் மாற்றச் சொல்லாதீர்கள். நான் உடம்பால் சுகமாக இருக்கிறேன். நீங்கள் பேசாலையில், இங்கே இருக்கிற உங்கள் றோஸ்மேரி அக்காவின் ஊர்வீட்டில் தனியே இருந்து, அடுப்பு மூட்டாமல் பாணையும் பிளேன்ரீயையும் வைத்து நாளை ஓட்டுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். கடற்கரையில் இருந்துகொண்டு பாண் தின்கிற மனிதரை இப்போதுதான் அறிகிறேன். மீன் வாங்கி ஒரு குழம்பாவது வையுங்கள்.

அடக்கத்துக்குப் பிறகு நீங்கள் என் அழைப்பு ஒன்றையும் எடுக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற ஸ்டெபனி மடு மாதா திருநாளுக்கு ஊருக்கு வருகிறாள், அவள் கையில் கொடுத்துவிடுகிறேன். கோபத்தில் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் வாசித்து முடிக்கும்வரை வாசலில் நிற்கச் சொல்லியிருக்கிறேன். வெயிலில் நிற்கிற பிள்ளைக்காகவாவது வாசிப்பீர்கள்.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஸ்பொன்சர் கேஸ் சரிவந்துவிட்டது. விசா குத்துவதற்குப் பாஸ்போட்டை அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். ஆவணி முடிவதற்குள் அனுப்பாவிட்டால் கோப்பை மூடிவிடுவார்களாம். உங்களை இங்கே இருந்து ஊருக்குத் திருப்பி அனுப்பின நாளில் இருந்து நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த பதில் இதுதான். பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வரவில்லை, அடக்கத்துக்கென்று அவசர விசா கேட்டபோதும் மறுத்துவிட்டார்கள். இப்போது, எல்லாம் முடிந்த பிறகு, வா என்கிறார்கள். செய்தி போனில் வந்த நேரம் நான் ஒரு கிழவருக்குச் சூப் தீத்திக்கொண்டிருந்தேன். சந்தோஷப்படவும் தெரியவில்லை, அழவும் தெரியவில்லை. மிச்சக் கரண்டிகளையும் தீத்தி முடித்தேன்.

ஆனால் நீங்கள் கடைசியாக அனுப்பின குரல் பதிவில் அந்தக் கேஸை நிறுத்தச் சொல்லியிருந்தீர்கள். அங்க எனக்கு வர ஒண்டும் இல்லை எண்டீர்கள். உந்தச் சேர்வரின்ர புரொசெசர் தானாய் நிக்காது வேரோனிக்கா, நிண்டாலும் தானாய் எழும்பும், லண்டனுக்கும் பாரிசுக்கும் நேரலையாய் ஓடின அடக்கப் படம் எனக்கு மட்டும் நிண்டது எண்டால் ஆரோ கை வைச்சது எண்டீர்கள். பிறகு, கடைசி மூண்டு கிழமையும் பிள்ளையின்ர முகத்தைக் காட்டாமல் கமெராவைத் திருப்பினது ஆர், நீதானே எண்டு கேட்டீர்கள்.

அந்தப் பதிவை நான் பலதரம் கேட்டுவிட்டேன். எனக்குக் கோபம் வந்தது. இப்போதும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். பெற்ற பிள்ளையின் முகத்தைத் தகப்பன் கடைசியாகப் பார்க்கவிடாமல் நான் வெட்டினேன் என்று நினைக்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது? ஆனாலும் உங்கள் இடத்தில் நான் இருந்தால், அந்தச் சேர்வரை உங்களைப் போல எனக்குத் தெரிந்திருந்தால், நானும் அப்படித்தான் நினைத்திருப்பேனோ என்னவோ. அதனால் நடந்ததைத் தேடிப் போனேன். கண்டதை எழுதுகிறேன். முழுவதும் வாசித்துவிட்டு முடிவெடுங்கள்.

அந்தச் சேர்வரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல நான் யார்? எங்கள் கோயில் பங்குச் சனத்தின் செத்தவீடுகளைத் தூரத்து உறவுகளுக்கு நேரலையாகக் காட்டவென்று அதை நீங்கள் கட்டின காலத்தில் வீட்டில் வேறு பேச்சு இருந்ததா? யூனியன்வில் பக்கத்து டேட்டா சென்ரரில் வேலை முடித்து வந்து, சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து, அங்கே பாதிக் கரண்ட் சூட்டை விரட்டத்தான் போகிறது என்று தொடங்குவீர்கள். நீங்கள் தேடி வாங்கின புரொசெசர் சேர்வருக்கென்றே செய்தது, ஆனால் ஒரு பழைய மேசை விளக்கின் அளவு கரண்ட்தான் குடிக்கும் என்பீர்கள். அதற்குள் எட்டுக் கோர். ஒரு பந்தயக் குதிரை இல்லை, எட்டு மன்னார்க் கழுதைகள், ஓடத் தெரியாது, தீனி கொஞ்சம், ஆனால் ஆளுக்கொரு மூட்டையைப் பேசாமல் சுமக்கும் என்று செரீனாவுக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். அவள் கோப்பை கழுவும்போதெல்லாம் கழுதை மாதிரிக் கத்திக் காட்டுவாள்.

மெமரியைப் பற்றிச் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. ஒரு எழுத்துப் பிழைத்தால் தானே திருத்திவிடும், இரண்டு பிழைத்தால் திருத்தத் தெரியாது, ஆனால் பிழை என்று சொல்லி நிற்கும் என்றீர்கள். மூன்று சேர்ந்து பிழைத்தால் என்ன செய்யும் என்று நான் கேட்டேன். சிலவேளை அதுக்குப் பிழை எண்டே தெரியாது, ஆனால் அப்பிடி நடக்காது எண்டீர்கள். நடந்தது.

எல்லாவற்றிலும் உங்களுக்குப் பெருமை அதற்கு விசிறி இல்லாததுதான். செத்தவீட்டில் செபம் சொல்லும்போது பக்கத்தில் ஒன்று இரைந்துகொண்டிருக்கக் கூடாது என்று விசிறியே தேவைப்படாத புரொசெசராகப் பார்த்து வாங்கினீர்கள். மேலே தகடு தகடாகச் செதுக்கின அலுமினியக் கூடுதான் சூட்டை வெளியே விடும், அதில் காற்றுப் பட்டால் போதும் என்றீர்கள். இப்போது அதைப் பார்த்துக்கொள்கிற ஜூலியனுக்கும் அதைச் சொல்லித்தான் கொடுத்தீர்கள்.

அடக்கத்தன்று மண்டபத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஜூலியன் கமெராவோடு நின்றான். சேர்வரைப் பேழையின் தலைமாட்டுப் பக்கம் ஒரு சின்ன மேசையில் வைத்திருந்தான். செபமாலை முடிந்து, பங்குச் சுவாமி வந்து, கடைசியாக எல்லோரும் முத்தம் கொடுக்கும் நேரத்தில் கமெராவைக் கிட்டக் கொண்டுபோய் அவளின் முகத்தைக் காட்டுவதென்று உங்களோடு பேசி வைத்திருந்தோம். நீங்கள் அங்கே மெழுகுதிரி கொளுத்தி வைத்து, அதே நேரத்தில் போனில் தெரிகிற முகத்துக்கு முத்தம் கொடுப்பதாகச் சொன்னீர்கள். நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டு குனிந்து முத்தம் கொடுத்தேன். நீங்களும் கொடுக்கிறீர்கள் என்று நினைத்தேன். மூடி போட்டார்கள். மண்டபத்தில் போனை நிறுத்தி வைக்கச் சொன்னார்கள் என்று நான் நிறுத்தி வைத்திருந்தேன். உங்களுக்குப் படம் நின்றதும், நீங்கள் எனக்கு அழைப்பு எடுத்துக்கொண்டே இருந்ததும் எனக்குத் தெரியாது.

பேழை போன பிறகு உங்களுக்குப் படம் திரும்ப வந்ததாம். வெறும் மண்டபமும் கதிரை மடிக்கிற பெடியங்களும் தெரிந்ததாம். அதனால்தானே, நிறுத்தினவர்கள் காரியம் முடிந்ததும் திரும்பப் போட்டார்கள் என்று நினைத்தீர்கள்? நான் உங்களைக் குற்றம் சொல்லவில்லை. அதைக் கேட்டபோது எனக்கே யாரோ செய்தார்கள் என்றுதான் பட்டது. அக்காவும், நான் ஜூலியனோடு ஏதோ குசுகுசுத்ததைக் கண்டதாக உங்களுக்குச் சொல்லியிருக்கிறா. நான் அவனிடம் கேட்டது, முகத்துக்குக் கிட்டப் போகும்போது தலையில் கட்டின நீலத் துணி விலகாமல் இருக்கிறதா பார் என்று. முடி இல்லாத தலை உங்களுக்குத் தெரியக் கூடாது என்று நினைத்தேன்.

நான் ஜூலியனை விடவில்லை. போன மாதம் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து சனம் தேத்தண்ணி குடிக்கிற நேரம், பங்கு மண்டபத்தில் அன்றைக்குப் போலவே எல்லாவற்றையும் வைத்துக் காட்டச் சொன்னேன். றோஸ்மேரி அக்காவும் வந்தா. என்னில் பிழை பிடிக்கத்தான் வந்தா என்று எனக்குத் தெரியும், நானும் வரட்டும் என்றுதான் இருந்தேன். ஜூலியன் சேர்வரை மேசையில் வைத்தான், கமெராவைப் பூட்டினான். ஒரே படம் மூன்று அளவில் போகுமாம், அதில் ஊருக்குப் போகிற சின்னப் படத்தை என் போனில் திறந்து வைத்தான். எல்லாம் ஓடியது. அன்றைக்கு மேசை இப்படியா இருந்தது என்று அவன் கேட்டான். இல்லை, வெள்ளை விரிச்சிருந்தது எண்டு அக்கா சொன்னா. அவவே பையில் இருந்து துணியை எடுத்து, சேர்வருக்கு மேலால் விரித்து, நான்கு பக்கமும் இழுத்துச் சரிபார்த்து, அன்றைக்கு வைத்த இடத்திலேயே ஒரு பூச்சாடியையும் தூக்கி வைத்தா.

நம் சனத்துக்குச் சாவீட்டில் வெள்ளை கட்டாமல் இருக்க ஏலாது. ஊரில் முகட்டுக்கே கட்டுவோம். இங்கே மண்டபக்காரன் முகட்டைத் தொட விட மாட்டான். அதனால் அன்றைக்கு அக்கா மேசை, கதிரை, மூலை முடுக்கு என்று கண்ட இடமெல்லாம் வெள்ளை விரித்தா. பிள்ளையின் தலைமாட்டில் கறுப்பாக ஒன்று இருந்தது அவவுக்குப் பொறுக்கவில்லை. செரீனாவின் முதல் நன்மைப் பூசைக்கென்று தன் கையால் பின்னின மேசைத் துணியை எடுத்து அதை மூடியிருக்கிறா. அது இரைந்திருந்தால் ஏதோ ஓடுகிற சாமான் என்று விட்டிருப்பா. சத்தம் இல்லை, வெளிச்சமும் இல்லை. அவவுக்கு அது ஒரு பெட்டகம். பேழை போன பிறகு கதிரை மடித்த பெடியங்கள்தான் துணியை எடுத்திருக்கிறார்கள்.

நாங்கள் தேத்தண்ணியோடு பார்த்துக்கொண்டு நின்றோம். முதலில் ஒன்றும் இல்லை. அக்கா என்னைப் பார்த்தா, இப்ப என்ன சொல்லுறாய் என்கிற மாதிரி. பிறகு என் போனில் படம் திக்கித் திக்கி வந்தது. பிறகு நின்றது. ஜூலியனின் கணினியில் பெரிய படமும் நடுத்தரப் படமும் குறையில்லாமல் ஓடின. அவன் துணியைத் தூக்கித் தகட்டைத் தொட்டான், தொட்ட கையை உதறினான்.

அவன் எனக்கு விளங்கப்படுத்தினான். உங்களுக்கு விளக்கம் தேவையில்லை, ஆனாலும் எழுதுகிறேன். அந்தப் புரொசெசர் நிற்கவில்லை. நின்றிருந்தால் நீங்கள் சொன்ன மாதிரியே தானாய் எழும்பியிருக்கும், அதற்கென்று உள்ளே ஒரு காவல்காரனே இருக்கிறான். சூடு ஏற ஏற, எரிந்து போகாமல் இருக்கத் தன்னைத்தானே மெதுவாக்கிக்கொண்டு வேலை செய்தது. உயிரோடு இருக்கிறதை எழுப்பக் காவல்காரனுக்கு என்ன வேலை? ஓடுகிறதுக்கும் நிற்கிறதுக்கும் நடுவில் மெலிகிறது என்று ஒன்று இருக்கிறது. அதையும் நீங்கள் எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். துக்கத்தில் உங்களுக்கு அது ஞாபகம் வரவில்லை.

இனி எழுதப்போவதை எழுதாமல் விடலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். ஜூலியனும் அண்ணைக்குச் சொல்ல வேண்டாம் அக்கா எண்டான். ஆனால் பாதி உண்மையைச் சொன்னால் நீங்கள் மிச்சத்தைக் கண்டுபிடித்து, அப்போதும் என்னைத்தான் நம்பமாட்டீர்கள். சுமை தாங்காத நேரம் எந்தப் படத்தை முதலில் கைவிடுவது என்று சேர்வரில் எழுதி வைத்தது நீங்கள். கடைசியாகச் சேர்த்ததை முதலில் கைவிடச் சொல்லியிருக்கிறீர்கள், சுமை குறைந்தால் திரும்ப எடுக்கச் சொல்லியிருக்கிறீர்கள். சிக்னல் குறைந்த ஊர்ச் சனத்துக்கென்று சின்னப் படத்தைச் சேர்த்ததும் நீங்கள்தான், கடைசியாக. சனத்துக்கு நல்லது செய்யத்தான் செய்தீர்கள். அந்தப் படத்துக்கு முன்னால் ஒருநாள் நீங்களே இருப்பீர்கள் என்று யார் கண்டது?

அக்கா துணியை விரித்தா. நீங்கள் வரிசையை எழுதினீர்கள். நான் போனை நிறுத்தினேன். ஒருவரும் பொல்லாப்புக்குச் செய்யவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள், இங்கே பாவம் எங்கே என்று தேடினாலும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் யாரையாவது திட்டித் தீர்த்திருக்கலாம்.

கமெராவைத் திருப்பினதைப் பற்றிக் கேட்டீர்கள். ஓம், நான்தான் திருப்பினேன். பிள்ளை கேட்டாள். மருந்து ஏற்றி முகம் ஊதி, உதடு வெடித்து, கண்ணாடியில் தன்னைப் பார்த்த அன்றைக்கு, அம்மா, ப்ளீஸ், அப்பாவுக்கு இப்பிடிக் காட்ட வேண்டாம், அவர் வரேக்க முடி முளைச்சிடும், அப்ப பார்க்கட்டும் எண்டாள். அதுவரைக்கும் சிக்னல் சரியில்லை எண்டு சொல்லுங்கோ எண்டும் அவளே சொல்லித் தந்தாள். அவளுக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். சிக்னலோடு சீவியம் நடத்தின மனிதரிடம் சிக்னல் சரியில்லை என்று பொய் சொன்னால் எடுபடுமா? எடுபடவில்லை. நீங்கள் அன்றைக்கே என்னைச் சந்தேகப்படத் தொடங்கிவிட்டீர்கள் என்று தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. அவள் நீங்கள் வருவீர்கள் என்று கடைசிவரை நம்பினாள்.

ஜூலியனிடம் முழுப் பதிவும் இருக்கிறது, கிட்டப் போய் எடுத்த முகமும் இருக்கிறது. நான் அதை ஸ்டெபனியிடம் கொடுத்துவிடவில்லை. தனியே, அந்த வீட்டில் இருந்து பார்க்கிற படம் இல்லை அது. என் பக்கத்தில் இருந்து பாருங்கள்.

இனி அக்காவைப் பற்றி. அந்த ஞாயிறு, துணியைத் தூக்கினதும் தகடு ஆறி, என் போனில் படம் தானாகவே திரும்ப வந்தது. அக்கா அதைப் பார்த்தா. துணியை ஒருக்கா எடுத்துவிட்டிருந்தால் தம்பி கண்டிருப்பானோ எண்டு மட்டும் ஜூலியனைக் கேட்டா. அவன் பெடியன், பொய் சொல்லத் தெரியாமல் ஓம் எண்டான். துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனா. அந்த நேரம், என்னில் பிழை இல்லை, பிழை அவவில்தான் என்று எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. உண்மையாக வந்தது. பிறகு பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சுவாமியிடம் சொன்னேன்.

அடுத்த இரண்டு ஞாயிறும் அவ பூசைக்கு வரவில்லை. ரெக்ஸ்டேலுக்குப் பஸ் மாறிப் போய்ப் பார்த்தேன். கதவைத் திறந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டா. யாரோ கொண்டுவந்து கொடுத்த சாப்பாட்டுப் பாத்திரங்கள் திறக்காமலே வரிசையாகக் கிடந்தன. கை எலும்பு தெரிகிறது. பக்கத்தில் இருந்து தலையைத் தடவினபோதுதான் பேசினா. பிள்ளைக்கு வடிவாய் இருக்கட்டும் எண்டுதான் விரிச்சனான் வேரோனிக்கா எண்டா. பிறகு, தம்பிக்குச் சொல்லிப்போடாத, சொன்னால் அவனுக்கு அக்காவும் இல்லாமப் போயிடும் எண்டா. பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன். தாயில்லாத உங்களை வளர்த்த மனுஷி அவ. பட்ட காலிலே படும் என்பது எங்கள் வீட்டுக்கென்றே சொன்னதுபோல இருக்கிறது. பிள்ளையைக் கொடுத்தோம். அவவையும் கொடுக்க எனக்குப் பலம் இல்லை.

ஆகையால் இந்தக் கடிதத்தை வாசித்து முடித்ததும் எனக்கு எடுக்காதீர்கள். முதலில் அக்காவுக்கு எடுங்கள். துணியைப் பற்றி ஒன்றும் கேட்காதீர்கள், மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லாதீர்கள், அதைக் கேட்டால் உடைந்து போவா. சாப்பிட்டீங்களோ அக்கா என்று மட்டும் கேளுங்கள். சாப்பிடும்வரை போனை வைக்காதீர்கள். அவ சாப்பிட்ட பிறகு, என்னோடு பேச உங்களிடம் ஏதாவது மிச்சம் இருந்தால் எனக்கு எடுங்கள்.

இன்னும் ஒன்று. கல்லறையில் தகப்பன் முதல் மண் போட வேணும் என்று சுவாமி சொன்னார். நீங்கள் இல்லாதபடியால் உங்கள் பேரில் போட அக்கா ஒரு பிடி மண்ணோடு முன்னுக்கு வந்தா. நான் அவவின் கையைப் பிடித்து நிறுத்தினேன். அவர் வந்து போடுவார் என்று சனத்துக்கு முன்னால் சொன்னேன். அகங்காரம் பிடித்தவள் என்று பின்னால் பேசினார்கள். பேசட்டும். எல்லோரும் போட்டார்கள், நானும் போட்டேன். உங்கள் பிடி மண் இன்னும் போடவில்லை.

பாஸ்போட்டை அனுப்புங்கள். மருதமடு மாதா உங்களைக் கைபிடித்துக் கொண்டுவந்து சேர்க்க வேணும் என்று நாளும் செபமாலை சொல்கிறேன். பிள்ளைக்கு மேலே புல்லும் முளைக்கத் தொடங்கிவிட்டது. சுணங்காமல் வாங்கோ.

இப்படிக்கு,
செரீனாவின் அம்மா
வேரோனிக்கா